சாவி கொடுத்தால் ஓடுகிறது, முள் மட்டும் பின்தங்குகிறது: ஒரு எச்எம்டி ஜனதா சர்வீஸ்

“ஓடத்தான செய்யுது அண்ணாச்சி, டைம் மட்டும் புடிக்க மாட்டேங்கு.” எங்கள் பட்டறைக்கு வரும் பழைய சாவி வாட்சுகளில் பாதிக்கு மேல் இந்த வார்த்தையோடுதான் வருகின்றன. கொண்டு வருபவர் மனதில் ஓடுகிற வாட்ச் நல்ல வாட்ச், நின்ற வாட்ச் கெட்ட வாட்ச். நான் அப்படி நினைப்பதில்லை. எண்ணெய் காய்ந்துபோன வாட்ச் மேசை டிராயருக்குள் நின்று கிடந்தால் அதற்குப் பெரிய கேடு இல்லை. அதே நிலையில் தினமும் சாவி கொடுத்து ஓட விட்டால்தான் தேய்மானம். எச்எம்டி ஜனதாவின் பேலன்ஸ், அதாவது இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம், ஒரு மணி நேரத்துக்கு 18,000 முறை அடிக்கிறது. நொடிக்கு 5, ஒரு நாளைக்கு 4,32,000. ஒவ்வொரு அடியிலும் முடியளவு மெல்லிய எஃகு முனைகள், தேய்மானம் குறைக்கப் பதித்த சின்னக் கற்களின் துளைகளுக்குள் உரசுகின்றன. நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டிய இடத்தில் தூசியும் உலோகத் துகளும் காய்ந்த பிசினும் இருந்தால், அந்தக் கலவை சாணைக்கல் போல எஃகைத் தின்றுவிடும். ஆகவே ‘ஓடுகிறதே’ என்று யாராவது சொன்னால் அந்த வாட்சைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் வாங்கிக்கொள்வேன்.

இந்தப் பதிவு அப்படி வந்த ஒரு ஜனதாவைப் பற்றியது. கொண்டு வந்தவரின் அப்பா இங்கே தூத்துக்குடி பக்கம் ஒரு உப்பளத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியதாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வரை பின்தங்குகிறது, இரண்டு இடங்களில் கொடுத்து டைம் வைத்து வாங்கியும் சரியாகவில்லை என்றார்.

ஜனதாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1953-இல் இயந்திரங்கள் செய்வதற்காகத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்எம்டி (இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்). 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அப்புறம் முப்பது வருஷம் போல நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை கையிலும், பணி ஓய்வு விழா மேடையிலும் எச்எம்டிதான். குவார்ட்ஸ் வந்தது, ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்தது, சாவி கொடுக்கிற வாட்சின் காலம் சரிந்தது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ரிப்பேர்காரனுக்கு இதன் பொருள், புது உதிரிபாகம் இனி வராது என்பது. ஆனால் ஒரு நல்ல காரியம், ஜனதா, பைலட், ஜவான் என்று பல மாடல்களுக்குள்ளும் இருப்பது ஒரே குடும்பத்து 17 கல் மெஷின்தான். டயல் கெட்டுப்போன வாட்சுகளின் மெஷின்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அவற்றிலிருந்து பாகம் எடுத்துப் போடலாம். எங்களிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

பின்மூடியைத் திறப்பதற்கு முன்னால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியது நிறைய. சாவி கொடுக்கும்போது விரலுக்கு என்ன தெரிகிறது? இதில் கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) சுற்றும்போது மணல் அரைவது போன்ற ஒரு கரகரப்பு. உப்புக் காற்றில் பல வருஷம் இருந்த வாட்சில் அது பெரும்பாலும் ஸ்டெம்மில் (கிரவுனிலிருந்து உள்ளே போகும் தண்டு) துரு பிடித்த அடையாளம். கிரவுனை வெளியே இழுத்து முள்ளைத் திருப்பிப் பார்த்தேன். இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நல்ல வாட்சில் முள்ளைத் திருப்பும்போது மென்மையான, சீரான ஒரு பிடிப்பு இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. எதையும் தொடாமல் வெறுமனே சுற்றுவது போல முள் ஓடியது.

அடுத்து டைம்கிராஃபர். வாட்சின் டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூடுகிறது அல்லது குறைகிறது, பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசுகிறது, டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் (பீட் எரர்) என்று மூன்றையும் காட்டும் கருவி அது. முழு சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தபோது நாளைக்கு 48 நொடி குறைவு, வீச்சு 172 டிகிரி, பீட் எரர் 0.7 மில்லி செகண்ட். வீச்சு மோசம். இந்த மெஷின் நல்ல நிலையில் 250-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்த 48 நொடி. வாடிக்கையாளர் சொல்வது இருபது நிமிடம், அதாவது 1,200 நொடி. கருவி சொல்வது ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டில் ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் உண்மையாக இருக்க ஒரு வழி உண்டு. மெஷின் சுமாராகச் சரியாக ஓடுகிறது, முள்தான் அதோடு சேர்ந்து வரவில்லை.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நொடி முள் 12-இல் இருக்கும்போது நிமிட முள்ளைச் சரியாக ஒரு கோட்டின் மேல் வையுங்கள். சில மணி நேரம் கழித்து, நொடி முள் மறுபடி 12-க்கு வரும்போது நிமிட முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோட்டின் மேல் இருந்தால் சரி. இரண்டு கோட்டுக்கு நடுவில் தொங்கினால் முள் நழுவுகிறது. நொடி முள் சக்கர வரிசையோடு நேராகப் பிணைந்தது, அதற்கு நழுவ வழியில்லை. நிமிட முள் உட்கார்ந்திருப்பது கேனன் பினியன் என்ற குட்டிக் குழாயின் மேல். அது சென்டர் வீலின் தண்டைக் கவ்விப் பிடித்திருப்பது வெறும் உராய்வால்தான். மெஷின் ஓடும்போது கூடவே சுற்ற வேண்டும், நாம் நேரம் வைக்கும்போது மட்டும் தண்டின் மேல் வழுக்க வேண்டும். கவ்வுதல் தளர்ந்தால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், முள் அவ்வப்போது நின்று நின்று வரும். எங்கள் வாட்ச் இந்தச் சோதனையில் தோற்றது. காந்தம் ஏறியிருக்கிறதா என்று திசைகாட்டி வைத்தும் பார்த்தேன், ஊசி அசையவில்லை. இப்போதெல்லாம் போன் ஸ்பீக்கர், பர்ஸின் காந்தப் பொத்தான் என்று காந்தத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே அதை விடாமல் பார்ப்பது வழக்கம்.

பின்மூடி அழுத்தி மூடும் வகை. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ரெகுலேட்டர். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அந்தச் சின்னக் கை, பிளஸ் பக்கம் இதற்கு மேல் போக முடியாது என்கிற ஓரத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முன்னால் பார்த்தவர்கள் ‘டைம் வைத்தது’ இப்படித்தான். வாட்ச் பின்தங்குகிறது என்று சொன்னதும் காரணம் தேடாமல் கையை வேகத்தின் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். மறுபடி பின்தங்கியதும் இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும். ரெகுலேட்டர் என்பது சுத்தமான, எண்ணெயிட்ட, முழு வீச்சில் ஓடுகிற வாட்சைக் கடைசியாக நுணுக்கிச் சரிசெய்ய வைத்த சாதனம். நோயை மறைக்க வைத்ததல்ல. அதோடு மெஷினின் மேல் தளம் முழுக்க ஒரு பளபளப்பு. பிரிக்காமலே எல்லாக் கற்களிலும் எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள், தையல் மெஷின் எண்ணெயாக இருக்கலாம். அது கற்களில் நிற்காமல் தளத்தில் பரவி, பேலன்ஸின் அடி வரை போய், போகிற வழியில் பழைய அழுக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

பிரிப்பதற்கு முன் ஃபேனை நிறுத்திவிடுவோம். தூத்துக்குடி வெயிலில் அது சின்ன விஷயமில்லை, ஆனால் சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில் வாட்சைத் திறப்பது தெருப் புழுதியில் வைத்துத் திறப்பதற்குச் சமம். நெற்றியில் ஒரு துணிப் பட்டை, விரல்களில் ரப்பர் உறை. வியர்வைப் பட்ட விரல் எஃகின் மேல் ஒரு ரேகையை விட்டால் இந்த ஊர்க் காற்றில் சில வாரத்தில் அதே ரேகை துருவாகத் தெரியும்.

முதல் வேலை மெயின் ஸ்பிரிங்கில் (சாவி கொடுக்கும்போது இறுகும் சுருள்) இருக்கும் சக்தியை இறக்குவது. கிரவுனை விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளிக்கை (ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் கொக்கி) மெல்ல ஒதுக்கி, கிரவுனை விரலுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்ற விட வேண்டும். இதைச் செய்யாமல், சக்கரங்களைப் பல் பல்லாக நிறுத்தி விடும் பேலட் ஃபோர்க்கின் மேல்தகட்டை (பேலட் பிரிட்ஜ்) கழற்றினால் முழு சாவியின் வேகமும் ஒரே நொடியில் சக்கரங்களின் மேல் இறங்கும், பல்லோ முனையோ உடையும். அதற்கப்புறம்தான் பேலன்ஸ். அதைத் தாங்கும் ‘காக்’ என்ற சின்னத் தகட்டைத் தூக்கும்போது பேலன்ஸ் சக்கரம் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் தொங்கியபடி கூடவே வரும். ஒரே சீராகத் தூக்கி, ஊசலாட விடாமல் திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு பாகம் எடுத்ததும் போனில் ஒரு படம். கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம் நான் விடாமல் சொல்வது இதுதான், ஞாபக சக்தியை நம்பாதே, படத்தை நம்பு. பல மெஷின்களில் கிரவுன் வீல் ஸ்குரூ இடது மரை. அது ஞாபகமில்லாமல் வழக்கமான பக்கம் திருகித் தலையைப் பிய்த்த ஸ்குரூக்கள் எங்கள் டப்பாவில் ஏராளம்.

முள்ளையும் டயலையும் எடுத்துவிட்டு கேனன் பினியனுக்கு வந்தேன். நல்ல நிலையில் இருந்தால் அதை உருவத் தனிக் கருவி வேண்டும், ஒரு சின்ன ‘டக்’ என்ற பிடிப்போடு வரும். இதில் ட்வீசரால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இருபது நிமிடக் கதைக்கு அதுதான் சாட்சி. பல வருஷம் எண்ணெயே இல்லாமல் நேரம் வைத்து வைத்து உள்ளே தேய்ந்திருக்கிறது.

ஸ்டெம் எதிர்பார்த்தபடியே. கிரவுனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகி, ஈரம் உள்ளே போய், ஸ்டெம்மின் நடுப்பகுதி பழுப்பாக அரித்திருந்தது. ஸ்டெம்மின் மேல் நகரும் கிளட்ச் வீலின் பல்லிலும் கொஞ்சம் துரு. ஸ்டெம்மை மாற்றியாக வேண்டும், கிளட்ச் வீல் தேறும். பேரல் என்ற வட்ட டப்பாவைத் திறந்து அதற்குள் சுருண்டிருக்கும் மெயின் ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தேன். நல்ல ஸ்பிரிங்கை வெளியே விட்டால் விரிந்து எஸ் வடிவம் எடுக்கும். செத்த ஸ்பிரிங் பேரலுக்குள் இருந்த அளவிலேயே சுருண்டு கிடக்கும். இது விரிந்தது, நல்ல நிறமும் இருந்தது. பழைய கிரீஸ் மட்டும் கருத்து ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்து அதையே திரும்பப் போட முடிவு செய்தேன்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிக்காத மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, ஊதி, எண்ணெய் விட்டு ‘சர்வீஸ்’ என்று கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதில் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியே போகாது. கல் துளைக்குள் இறுகிய பிசின் முக்கினால் கரையாது. நாங்கள் முழுக்கப் பிரித்து, முதலில் வெள்ளைப் பெட்ரோலில் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு வாட்சுக்கான கரைசலில் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, இரண்டு முறை அலசிக் காய வைக்கிறோம். வெள்ளைப் பெட்ரோல் எளிதில் தீப்பிடிப்பது, அதை ஒருபோதும் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஊற்றக் கூடாது, பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கும் எரியக் கூடாது. பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் ஊற விடக் கூடாது. அவற்றின் சின்னச் சிவப்புக் கற்களைப் பிடித்து வைத்திருப்பது ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். கல் விழுந்துவிட்டால் அதைப் பழைய இடத்தில் பழைய ஆழத்தில் உட்கார வைப்பது தனியாக ஒரு பெரிய வேலை.

தொட்டியிலிருந்து வந்ததும் வேலை முடியாது. கூராகச் சீவிய பெக்வுட் குச்சியை ஒவ்வொரு கல் துளையிலும் விட்டுச் சுழற்ற வேண்டும். முனையில் கறுப்பு வந்தால் மறுபடி சீவி மறுபடி விட வேண்டும், குச்சி வெள்ளையாக வெளியே வரும் வரை. இந்த வாட்சில், சக்கர வரிசையில் ஒன்றான தேர்ட் வீலின் துளையில்தான் அதிக நேரம் போனது. சக்கரத்தைக் கண்ணாடியின் கீழ் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. முனையைச் சுற்றி ஒரு வளையக் கீறல், நகத்துக்குத் தெரியாது, பத்து மடங்கு லூப்பில் (கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தெளிவாகத் தெரியும். ஓடிக்கொண்டே இருந்ததன் விலை அது. லேசான கீறலாக இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். இது ஆழம். டப்பாவிலிருந்த ஒரு மெஷினின் தேர்ட் வீலை எடுத்து, முனையைச் சோதித்து, இதில் வைத்தேன். அதே மெஷினிலிருந்து ஸ்டெம்மும் கிடைத்தது. கிரவுனும் வளையமும் புதிது.

பேலன்ஸின் இரு முனைகளும் நன்றாக இருந்தது பெரிய நிம்மதி. அவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான், தரையில் விழுந்தால் முதலில் போவது அவைதான். இங்கே சிட்டிசனின் பாராஷாக் அமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். அந்தச் சொல்லைப் பழைய எச்எம்டி டயல்களிலும் பின்மூடிகளிலும் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பூப்போன்ற மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பிடித்திருக்கும், அதிர்ச்சி வந்தால் கல் விலகிக் கொடுத்து மறுபடி இடத்துக்கு வரும். 1956-இல் ஜப்பானில் இந்த அமைப்பு உள்ள சிட்டிசன் வாட்சை ஹெலிகாப்டரிலிருந்து போட்டு மக்களுக்குக் காட்டினார்கள். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் நாங்கள் ஒரு கண்ணாடிப் பாலித்தீன் பைக்குள் கையை விட்டு வேலை செய்வோம். பறந்தால் பைக்குள்ளேயே விழும். பட்டறைத் தரையில் தேடிக் கிடைக்கிற அளவு இல்லை அது.

கேனன் பினியனை இறுக்குவது அவசரப்படக் கூடாத வேலை. அதன் சுவரில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், உள்பக்கம் அது மேடாகி, தண்டில் இருக்கும் காடியில் உட்காரும். அந்த மேட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். துளைக்குள் சரியான கனத்தில் வழவழப்பான ஊசி ஒன்றை விட்டு, அதற்கான இடுக்கியால் பள்ளத்தை ஒரே ஒரு தடவை மெல்ல அழுத்தி, போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி. ஊசி உள்ளே இல்லாமல் அழுத்தினால் குழாய் நசுங்கும். கூடுதலாக இறுகினால் நேரம் வைக்கும்போது வழுக்காமல் சக்கரத்தையே திருகி, பல்லைத் தின்னும். சரியான பிடிப்பு எது என்று எண்ணில் சொல்ல முடியாது. நன்றாக ஓடுகிற ஒரு ஜனதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்துத்தான் விரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உள்ளே துளி கெட்டி எண்ணெய் வைத்தேன். அது இல்லாததால்தான் முதலில் தேய்ந்தது.

இப்போது எண்ணெய். வாட்ச் சர்வீஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் நான் மிகவும் பயப்படும் பகுதியும் இதுதான். ஒரு காலத்தில் கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயைத்தான் கடிகாரங்களுக்குப் போட்டார்கள். இப்போது செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்டன. அவை பரவாமல், சீக்கிரம் இறுகாமல் நிற்கும். நாங்கள் பயன்படுத்துவது மோபியஸ் என்ற கம்பெனியின் எண்ணெய்கள். வேகமாக ஓடும், பாரம் குறைந்த இடங்களுக்கு 9010 என்ற மெல்லிய எண்ணெய். பேரல், சென்டர் வீல் போல மெதுவாகச் சுற்றி, பாரம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியான எச்பி 1300. ஸ்டெம், கிளட்ச் பக்கம் கிரீஸ். பேலட் கற்களுக்கு 9415. ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் போட்டாலும் வாட்ச் ஓடும். ஆனால் மெல்லியதைப் பாரமான இடத்தில் விட்டால் பிதுங்கி வெளியே போய்விடும், கெட்டியானதைப் பேலன்ஸில் விட்டால் வீச்சைப் பிடித்து இழுக்கும்.

எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. கல்லின் மேல் கிண்ணம் போன்ற குழி இருக்கும், அதில் பாதி அல்லது கொஞ்சம் கூட. முனையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாகத் தெரிய வேண்டும், வழியக் கூடாது. பேலன்ஸ் முனையின் மேல் மூடியாக இருக்கும் கல்லில், கல்லின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல் வருகிற ஒரே வட்டத் துளி. அதிகம் போனால் நன்மை என்று நினைப்பது தவறு. கிண்ணத்தைத் தாண்டிய எண்ணெய் உலோகத்தின் மேல் படர ஆரம்பித்தால் மொத்தத் துளியையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், முனை வறண்டுவிடும். முன்னால் பார்த்தவர்கள் குளம் போல விட்ட எண்ணெயால் கற்கள் காய்ந்து கிடந்ததற்கு இதுதான் காரணம். பேலட் ஃபோர்க்கின் முனைகளுக்கு எண்ணெயே கிடையாது. அது சுற்றுவதில்லை, இங்கும் அங்கும் லேசாக ஆடுகிறது, அங்கே எண்ணெய் ஒட்டி இழுக்கத்தான் செய்யும்.

பேலட் கல்லுக்கு மட்டும் தனி முறை. சக்கரங்களைப் பூட்டி, பிரிட்ஜைக் கையால் மெல்ல அழுத்தி, எல்லா முனையும் துளைக்குள் உட்கார்ந்ததை உறுதி செய்து, அதற்கப்புறமே ஸ்குரூவை இறுக்க வேண்டும். இரண்டு கிளிக் சாவி கொடுத்தால் சக்கர வரிசை சர்ரென்று ஓடி, நிற்கும்போது கடைசியில் ஒரு கணம் பின்னோக்கித் திரும்பும். அந்தத் திரும்பல் வந்தால் எங்கும் இறுக்கம் இல்லை என்று பொருள். இதில் வந்தது. பிறகு ஃபோர்க்கைப் போட்டு, கொஞ்சம் சாவி கொடுத்து, ட்வீசரால் தட்டினால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சட்டென்று துள்ள வேண்டும். அந்த நிலையில் கல்லின் முகத்தில் மிகச் சின்னத் துளி 9415 வைத்து, ஃபோர்க்கைத் தட்டித் தட்டி ஐந்து பல் நகர்த்தி, மறுபடி ஒரு துளி, மறுபடி ஐந்து பல். பேலட் கற்கள் நிறுத்தி விடும் எஸ்கேப் வீலுக்குப் பொதுவாக 15 பல், ஆக மூன்று துளியில் எல்லாப் பல்லுக்கும் எண்ணெய் போய்ச் சேரும்.

பேலன்ஸைப் போட்டதும் அது தானாகவே உயிர் பெற்று ஓட ஆரம்பித்தது. எத்தனை வாட்ச் செய்தாலும் இந்த நொடியில் எனக்கு வருகிற சந்தோஷம் குறைந்ததில்லை. ரெகுலேட்டரைத் தொடாமல், முன்னால் வைத்துவிட்டுப் போன ஓரத்திலேயே விட்டு, டைம்கிராஃபரில் வைத்தேன். நாளைக்கு 210 நொடி கூடுதல். அழுக்கு இழுத்துக்கொண்டிருந்த வரை 48 நொடி குறைவு என்று காட்டிய அதே ரெகுலேட்டர் நிலை, அழுக்கு போனதும் மூன்றரை நிமிடம் முந்துகிறது. கையை நடுவுக்குக் கொண்டுவந்ததும் எண்கள் இறங்கின. அப்படியே ஒரு நாள் ஓட விட்டேன், எண்ணெய் தன் இடத்தில் படிய அவகாசம் வேண்டும், அதற்கு முன் நுணுக்கிச் சரிசெய்வதில் பயனில்லை. கடைசியில் டயல் மேலே பார்க்க நாளைக்கு 8 நொடி கூடுதல், வீச்சு 266. கிரவுன் கீழே பார்க்க நிற்க வைத்தபோது 5 நொடி குறைவு, வீச்சு 234. படுக்க வைத்தால் ஒன்று, நிற்க வைத்தால் ஒன்று என்று காட்டுவது இயல்பு. கையில் கட்டினால் இரண்டும் கலந்து ஓடும். பீட் எரர் 0.7 அப்படியே இருந்தது. நகர்த்தக்கூடிய ஸ்டட் (ஹேர்ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடித்திருக்கும் பாகம்) இல்லாத பழைய மெஷின்களில் அதைக் குறைக்க ஹேர்ஸ்பிரிங்கையே தண்டின் மேல் திருக வேண்டியிருக்கும். இந்த அளவு நேரத்தைக் கெடுப்பதில்லை, நல்ல ஹேர்ஸ்பிரிங்கை அதற்காக ஆபத்தில் விட எனக்கு மனமில்லை.

முள்ளை வைத்ததும் மறுபடி அந்த நொடி முள் சோதனை. காலையில் கோட்டில் வைத்த நிமிட முள் மாலையிலும் கோட்டில்.

டயலைப் பற்றி வாடிக்கையாளர் போனில் கேட்டார், “புதுசா பெயின்ட் அடிச்சிரலாமா அண்ணாச்சி? ஆன்லைன்ல பளபளன்னு விக்கான்.” வேண்டாம் என்றேன். பளபளப்பான நிறங்களில் டயல் அடித்து, தேய்ந்த மெஷினின் மேல் பொருத்தி விற்கிற பழைய எச்எம்டிகள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் எழுத்தின் வடிவமே மாறியிருக்கும், நிமிடக் கோடுகள் நேராக இருக்காது. இவருடைய டயல் ஓரத்தில் லேசாகப் பழுத்திருந்தது, 4 மணி அருகே ஒரு புள்ளி. அவ்வளவுதான். எச்எம்டி என்ற எழுத்து தொழிற்சாலையில் அச்சிட்டபடி இருந்தது. ஈரத் துணி பட்டால்கூட அந்த எழுத்து போய்விடும், ஆகவே தூசியை ஊதிவிட்டதோடு நிறுத்தினேன். மெருகு வேண்டும் என்றால் கண்ணாடியில் காட்டலாம். அது அக்ரிலிக், கீறல்களை மெல்லிய உப்புத்தாளில் எடுத்து பாலிஷ் போட்டால் புதிது போலத் தெளியும். அது தெளிந்ததும் பழுத்த டயலே அழகாகத் தெரிந்தது. படம் அனுப்பியதும் அவரும் பெயின்ட் பேச்சை விட்டுவிட்டார்.

வாட்சைக் கொடுக்கும்போது மாற்றிய தேர்ட் வீல், துருப்பிடித்த ஸ்டெம், பழைய கிரவுன் மூன்றையும் ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தோம். தேர்ட் வீலை அவரையே லூப்பில் பார்க்கச் சொன்னேன், அந்த வளையக் கீறலைப் பார்த்ததும் ‘ஓடத்தான செய்யுது’ என்று அவர் மறுபடி சொல்லவில்லை. தினமும் ஒரே நேரத்தில், காலையில் கையில் கட்டுவதற்கு முன், கழற்றி வைத்தபடி சாவி கொடுக்கச் சொன்னேன். கையில் கட்டியபடியே கொடுத்தால் ஸ்டெம் சாய்ந்து இழுபடும். இறுகுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வளையம் புதிதாகப் போட்டிருந்தாலும் இதை நீர் புகாத வாட்சாக நினைக்க வேண்டாம், உப்பளத்துக்கோ கடற்கரைக்கோ கட்டிக்கொண்டு போனால் வந்ததும் உலர்ந்த துணியால் கிரவுனைச் சுற்றித் துடைக்க வேண்டும். நாலைந்து வருஷத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு முறை கொண்டு வரச் சொல்லி பின்மூடியின் உள்பக்கம் வழக்கம்போல மிகச் சின்ன எழுத்தில் தேதியைக் குறித்திருக்கிறேன். அடுத்துத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும், ரெகுலேட்டர் நடுவில் இருந்ததும் எந்த மாதம் எண்ணெய் விட்டது என்பதும் அவருக்குத் தெரியும்.